பொருள், நோக்கம், விளைவு: ஒரு பத்தியை எப்படி வாசித்துத் தீர்ப்பது?

ஒரு நாடாளுமன்ற உரையிலிருந்து இரண்டு வாக்கியங்களோ, ஒரு திருமறை வசனமோ, ஒரு குறளோ வாட்ஸ்அப் குழுக்களில் தனியே சுற்றத் தொடங்கினால், அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குப் பழக்கமானதே. “அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை” என்று ஒரு தரப்பு கூறும், “எழுத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்று மறுதரப்பு கேட்கும். சிங்கப்பூரில் இத்தகைய சர்ச்சைகள் எப்போதும் பேச்சளவில் முடிந்துவிடுவதில்லை. அமைச்சரின் திருத்த உத்தரவு, காவல்துறை விசாரணை, சில வேளைகளில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு என்று அவை நீள்வதுண்டு. அப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது குழப்பம் எங்கே எழுகிறது, இலக்கியம், அரசியல், சமயம் ஆகிய துறைகள் அதைத் தீர்க்க என்ன வழிகளை வகுத்திருக்கின்றன என்பதை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

மூன்று கேள்விகள், ஒரே பெயர்

“இதற்கு என்ன அர்த்தம்?” என்று நாம் கேட்கும்போது, உண்மையில் பின்வரும் மூன்றில் ஒன்றையே கேட்கிறோம்.

1. பொருள்: இந்தச் சொற்கள், இந்த இலக்கணத்தில், இந்தச் சூழலில் எவற்றையெல்லாம் குறிக்க இயலும்?
2. நோக்கம்: இப்பத்தி எதைச் சாதிப்பதற்காக அமைக்கப்பட்டது?
3. விளைவு: கேட்டவரிடத்தில் அது என்ன செய்தது, அல்லது என்ன செய்யக்கூடும்?

பெரும்பாலான சண்டைகளில் ஒருவர் முதற்கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே கேள்வியைப் பற்றியே பேசுவதாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இரண்டாவது. நோக்கம் என்றதும் சொன்னவரின் மனத்துக்குள் அந்த நேரத்தில் ஓடிய எண்ணம் என்று கருதிவிடுகிறோம். ஆனால் வள்ளுவரின் மனத்தைத் திறந்து பார்க்க வழியில்லை. பல உறுப்பினர்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்துக்கு ஒற்றை மனம் என்று ஒன்று கிடையாது. வேதத்தை ஆசிரியர் எவருமே இயற்றவில்லை என்று கொள்ளும் சமய மரபும் உண்டு. ஆகவே மூன்று துறைகளிலும் நோக்கத்தை மனத்திலிருந்து எடுக்க முடியாது. பத்தியின் அமைப்பிலிருந்தும் அது பிறந்த சூழலிலிருந்தும்தான் எடுத்தாக வேண்டும். வழக்கறிஞரும் உரையாசிரியரும் சமய அறிஞரும் ஒருவரையொருவர் அறியாமலே இந்த ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

தொல்காப்பியம் கேட்கச் சொல்லும் கேள்விகள்

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்குரிய உறுப்புகளாக 34ஐ வரிசைப்படுத்துகிறது. மாத்திரை, அசை, சீர் போன்றவை ஓசையைச் சார்ந்தவை. அவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் ஆகியவையும் உறுப்புகளாகவே எண்ணப்படுகின்றன. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எங்கே, எப்போது, எதற்காக என்பன செய்யுளுக்கு வெளியே கிடக்கும் பின்னணித் தகவல்கள் என்று அந்நூல் கருதவில்லை. அசையும் சீரும் எப்படிச் செய்யுளின் பகுதிகளோ, அப்படியே இவையும் பகுதிகள்.

இவற்றுள் முன்னம் என்பதைத் தொல்காப்பியர் இவ்வாறு விளக்குகிறார்: “இவ்விடத்து இம்மொழி இவரிவர்க்கு உரியவென்று அவ்விடத்து அவரவர்க்கு உரைப்பது முன்னம்.” இன்ன இடத்தில் இன்ன பேச்சு இன்னாருக்குப் பொருந்தும் என்ற அறிவு அது. தலைவி சொல்ல வேண்டியதைத் தோழி சொன்னால் அதே சொற்களின் பொருள் மாறிவிடும். ஒரு வரியை அதன் கூற்றிலிருந்தும் களனிலிருந்தும் பிரித்துப் பகிர்பவர், இந்தக் கணக்குப்படி, அதன் உறுப்புகளில் சிலவற்றை அறுத்துவிட்டே பகிர்கிறார்.

இலக்கியம்: ஒரு குறளும் இரண்டு வாசிப்புகளும்

இனி ஒரே ஒரு குறளை நெருங்கிப் பார்க்கலாம். ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரத்தில் வரும் 55ஆம் குறள்:

தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்
பெய்யெனப் பெய்யும் மழை

பரிமேலழகர் உள்ளிட்ட பழைய உரையாசிரியர்களின் வழியில், கணவனையே தெய்வமாகத் தொழுது துயிலெழும் பெண் ‘பெய்’ என்று சொன்னால் மழை பெய்யும் என்பது பொருள். கற்புடைய பெண்ணுக்கு இயற்கையையும் ஏவும் ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு அது.

இக்காலத்தில் பலர் வேறுவிதமாக வாசிக்கிறார்கள். அத்தகைய பெண், வேண்டும் என்று விரும்பிய நேரத்தில் பெய்யும் மழையைப் போன்றவள் என்பது அவ்வாசிப்பு. அதில் அற்புதம் எதுவும் இல்லை. துணைவியின் பயன் மழையின் பயனோடு ஒப்பிடப்படுகிறது. பகுத்தறிவோடு ஒத்துப்போவதால் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் இவ்வாசிப்புக்குச் செல்வாக்கு இருக்கிறது.

இவற்றுள் எது சரி என்று கேட்பதற்கு முன், மேற்கண்ட கேள்விகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பொருள். இரண்டாவது வாசிப்பை இலக்கணம் தடுக்கவில்லை. ‘தொழுதெழுவாள்’ எழுவாயாகவும் ‘பெய்யும் மழை’ பயனிலையாகவும் நிற்க, ‘போன்ற’ என்னும் உவம உருபு மறைந்து நிற்கிறது என்று கொள்ளத் தமிழில் இடமுண்டு. எனவே அவ்வாசிப்பைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. சொற்கள் அதைத் தாங்குகின்றன.

அடுத்து நோக்கம். இங்கே நமக்கு ஒரு நல்ல சாட்சி கிடைக்கிறது. மணிமேகலையின் சிறைசெய் காதையில், மருதி என்னும் பெண் தன்னை ஒரு அரசகுமாரன் விரும்பி அழைத்ததும், தன் கற்பில் என்ன குறை நேர்ந்ததோ என்று புகார் நகரின் சதுக்கப் பூதத்திடம் முறையிடுகிறாள். அவள் கதைகளைக் கேட்டும், விழாக்களை விரும்பியும், கடவுளரைப் பேணியும் வந்ததைப் பூதம் சுட்டிக்காட்டி, ‘மடவரல் ஏவ மழையும் பெய்யாது’ என்கிறது. அந்தப் பேச்சின் நடுவில்தான், பொய்யில் புலவனின் பொருளுரை என்று இந்தக் குறள் மேற்கோளாக வருகிறது. ‘ஏவ’ என்ற சொல்லே போதும். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாசகர் ஒருவர் இக்குறளைப் பெண்ணின் ஏவலுக்கு மழை பணிவதாகவே புரிந்துகொண்டிருக்கிறார். பெண்ணின் ஆற்றல், அவள் பிற தெய்வங்களை வணங்கியதால் குன்றியது என்பதும் அதே பேச்சில் இருப்பதால், ‘தெய்வம் தொழாஅள்’ என்பதையும் அவர் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார் என்று தெரிகிறது.

ஆக, உவமை வாசிப்பை விரும்புகிறவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதை வள்ளுவரின் நோக்கம் என்று சொல்வதற்குச் சான்று மெலிவாக இருக்கிறது. இன்றைய வாழ்வுக்கு ஏற்ப நாம் ஏற்றுக்கொள்ளும் பொருள் என்று சொன்னால் அது நேர்மையான நிலைப்பாடு. பழைய நூலொன்றை மதிக்கிறோம் என்பதற்காக அதன் எல்லாக் கருத்துகளும் நம்முடையவையாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் இத்தகைய வாசிப்புகள் பலவும் பிறக்கின்றன. அந்தக் கட்டாயம் தேவையற்றது.

அரசியல்: பற்றுறுதியும் 2017ஆம் ஆண்டின் வழக்கும்

அரசியல் பத்திகளில் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த வகைப் பேச்சு என்பதே. தகவலா, வாக்குறுதியா, ஆணையா, குறிக்கோளா? வகை தெரியாமல் வாசித்தால் குறிக்கோளைத் தகவலாகவும் தகவலை வாக்குறுதியாகவும் எடுத்துக்கொள்ள நேரிடும்.

நமது தேசியப் பற்றுறுதி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அன்றைய அமைச்சர் எஸ். ராஜரத்தினம் அதை எழுதியது 1966இல். 1964இன் இனக்கலவரங்களும் 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்ததும் மக்கள் மனத்தில் ஆறாத காலம் அது. பள்ளி மாணவர்கள் ஒன்றாகச் சொல்வதற்காக எழுதப்பட்ட அந்த வாசகம், இனம், மொழி, சமயம் ஆகிய வேற்றுமைகளைக் கடந்த ஒற்றுமையைப் பேசுகிறது.

2009 ஆகஸ்டில் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் விஸ்வா சதாசிவன், தேசியக் கொள்கைகளை விவாதிக்கும்போது பற்றுறுதியின் கோட்பாடுகளுக்கு நாடாளுமன்றம் தன் கடப்பாட்டை மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பதிலளிக்க எழுந்த அன்றைய மதியுரை அமைச்சர் லீ குவான் இயூ, பற்றுறுதி ஒரு குறிக்கோள், இன்றைய நடைமுறை நிலை அன்று என்ற கருத்தை முன்வைத்தார். அவர் துணைக்கு அழைத்தது அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவை. இனச் சிறுபான்மையினர், சமயச் சிறுபான்மையினர் ஆகியோரின் நலனை இடைவிடாமல் பேணுவதும், இம்மண்ணின் பூர்வகுடிகளான மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை ஏற்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று அப்பிரிவு கூறுகிறது.

அவ்விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கு நமக்கு வேண்டாத ஒன்று. வாசிப்பு முறையைக் கவனித்தால் போதும். ஒரு தரப்பு பற்றுறுதியைக் கொள்கைகளை அளக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. மறுதரப்பு அதைச் சட்ட வலிமை மிக்க வேறொரு ஆவணத்தின் பக்கத்தில் வைத்து, திசைகாட்டும் வாசகமாக மட்டும் வாசித்தது. சொற்களின் பொருளில் இருவருக்கும் வேறுபாடே இல்லை. வேறுபாடு முழுவதும் பயனில்தான்.

சட்டத்தில் இந்த வேலை இன்னும் கறாராக நடக்கிறது. சிங்கப்பூரின் பொருள்விளக்கச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட 9ஏ பிரிவு, ஒரு சட்டத்தின் நோக்கத்தை முன்னெடுக்கும் பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று விதிக்கிறது. இது எப்படிச் செயல்படுகிறது என்பதை அதிபர் பதவிக்குப் போட்டியிட விரும்பிய டாக்டர் டான் செங் போக் தொடுத்த வழக்கில் பார்க்கலாம்.

அதிபர் பதவியில் அண்மைய ஐந்து தவணைகளாக ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் எவரும் இருக்கவில்லை என்றால், அடுத்த தேர்தல் அச்சமூகத்துக்கென ஒதுக்கப்படும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 19பி பிரிவு. அந்த ஐந்து தவணைகளை எங்கிருந்து எண்ணுவது? நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அதிபர் வீ கிம் வீயின் கடைசித் தவணையிலிருந்து எண்ணியது; அதனால் 2017ஆம் ஆண்டுத் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். ஆனால் 1991இல் நடப்புக்கு வந்த புதிய அதிகாரங்களைப் பயன்படுத்திய முதல் அதிபர் அவரே. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங். எனவே 1993இலிருந்தே எண்ண வேண்டும் என்பது டாக்டர் டானின் வாதம். அப்படி எண்ணினால் ஓங், எஸ்.ஆர். நாதனின் இரு தவணைகள், டோனி டான் என நான்கு தவணைகளே வரும். 2017ஆம் ஆண்டுத் தேர்தல் எல்லாருக்கும் திறந்ததாக இருந்திருக்கும்.

2017 ஆகஸ்ட் 23ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அத்தீர்ப்பு தெளிவுபடுத்திய வாசிப்பு முறைக்கு மூன்று படிகள் உண்டு.

1. சட்டத்தின் வாசகத்தையும், அது முழுச் சட்டத்துக்குள் நிற்கும் இடத்தையும் பார்த்து, அந்த வாசகம் ஏற்கக்கூடிய பொருள்கள் எவை என்று முதலில் கண்டறிய வேண்டும்.
2. அந்தப் பிரிவின் நோக்கத்தைக் கண்டறிய வேண்டும். அதையும் கூடுமானவரை வாசகத்திலிருந்தே எடுக்க வேண்டும்.
3. முதற்படியில் கிடைத்த பொருள்களை அந்த நோக்கத்தோடு ஒப்பிட்டு, அதற்கு உகந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வரிசைதான் முக்கியம். நோக்கம் நடுவராக வருவது, வாசகம் ஏற்கும் பொருள்களுக்கு இடையில் மட்டுமே. அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை போன்ற வெளி ஆதாரங்களை நீதிமன்றம் பார்க்கலாம்; ஆனால் தெளிவான வாசகத்தைக் கவிழ்ப்பதற்கு அவற்றைப் பயன்படுத்த முடியாது. மேலே குறளில் கையாண்ட வரிசையும் இதுவே என்பதை வாசகர் கவனித்திருக்கலாம்: சொல் எவற்றைத் தாங்கும் என்பது முதலில், நோக்கம் பிறகு.

சமயம்: ஆசிரியர் இல்லாத நூலின் நோக்கம்

வேதம் எவராலும் இயற்றப்படாதது என்று, வேத வாக்கியங்களின் பொருளை ஆராயும் மீமாம்சை மரபு கொள்கிறது. எழுதியவரே இல்லை என்றால் எழுதியவரின் நோக்கத்தை எப்படிக் கேட்பது? இந்தச் சிக்கலே அவர்களை நுட்பமான ஒரு முறையை நோக்கித் தள்ளியது. ஒரு பகுதியின் உட்கருத்தைத் தீர்மானிக்க ஆறு அடையாளங்களை அம்மரபும் வேதாந்திகளும் கையாண்டார்கள்.

1. தொடக்கமும் முடிவும் எதில் ஒன்றுபடுகின்றன (உபக்கிரம உபசங்காரம்).
2. எது திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது (அப்பியாசம்).
3. வேறு வழியில் அறிய முடியாத எந்தப் புதுச் செய்தியை அது தருகிறது (அபூர்வதை).
4. அதனால் விளையும் பயன் என்ன (பலம்).
5. எதைப் புகழ்ந்தும் எதைப் பழித்தும் பேசுகிறது (அர்த்தவாதம்).
6. எது காரணகாரியங்களோடு பொருந்துகிறது (உபபத்தி).

ஐந்தாவது அடையாளம் நம் அன்றாடத்துக்கும் உதவும். ஒரு பதிகத்தை ஓதினால் இன்னின்ன நன்மை கிட்டும் என்று நூற்பயன் சொல்லும்போது, அதை ஒப்பந்த வாசகம் போல எடுத்துக்கொண்டு பலிக்கவில்லையே என்று வாதிடுபவரும், மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ஓதும்படி ஊக்குவிப்பது அந்தப் புகழ்ச்சியின் வேலை. அந்த வேலைக்குரிய அளவிலேயே அதை வாசிக்க வேண்டும்.

முதல் அடையாளத்தைச் சமயத்துக்கு வெளியேயும் சோதிக்கலாம். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரியை இந்நாட்டின் தமிழ் மேடைகளில் கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் உலக ஒற்றுமைக்கான முழக்கமாகவே அது ஒலிக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்றுப் பாடல் (192) 13 அடிகள் கொண்டது. மலையாற்றின் நீர் போகும் வழியில் போகும் புணையைப் போல உயிர் முறைவழியே செல்லும் என்று அது சொல்கிறது; ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிகிறது. தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாரும் உறவினர் என்பது அழைப்பாக அன்றி, வாழ்வின் போக்கைக் கண்டு தெளிந்த ஒருவரின் சமநிலையாகத் தெரிகிறது. முழக்கம் தவறில்லை, ஆனால் பாடலில் அது ஒரு சிறு பகுதி.

பக்தி இலக்கியத்தில் கூற்றை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவாய்மொழி நல்ல சான்று. ‘மண்ணை இருந்து துழாவி வாமனன் மண் இது என்னும்’ என்று தொடங்கும் பதிகத்தில் (4.4) பேசுபவர் ஒரு தாய். தன் மகள் தரையைத் தடவி இது வாமனன் அளந்த மண் என்கிறாள், வானைத் தொழுது அவன் வாழும் வைகுந்தம் என்று கைகாட்டுகிறாள் என்று அவள் புலம்புகிறாள். நம்மாழ்வார் அங்கே தாயாகவும் இருக்கிறார், மகளாகவும் இருக்கிறார். அகப்பாடலின் கூற்று மரபை அறியாதவர் இதை நேர்வாக்குமூலமாக வாசித்தால், பித்துப் பிடித்த பெண்ணைப் பற்றிய செய்தி மட்டுமே மிஞ்சும்; வைணவ உரையாசிரியர்கள் அதில் கண்ட இறையனுபவம் கைநழுவிவிடும்.

இஸ்லாமிய மரபில் வசனங்கள் இறங்கிய சூழலை ஆராயும் தனித்துறையே உண்டு. ‘அஸ்பாபுன் நுஸூல்’ என்று அதற்குப் பெயர். கிறிஸ்துவ விளக்கவுரைகளிலும் உவமைக்கதை, சங்கீதம், நிருபம் என வகை பிரித்தே வாசிக்கிறார்கள். பெயர்கள் வேறு, களனும் காலமும் பற்றிய கேள்வி ஒன்றே.

களன் மாறும்போது

மூன்றாவது கேள்வியான விளைவு, பல சமயத்தவர் நெருங்கி வாழும் ஊரில் தனி எடை பெறுகிறது. 2017இன் தொடக்கத்தில், இங்குள்ள பள்ளிவாசல் ஒன்றின் இமாம் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் யூதர்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் எதிராக உதவி வேண்டும் கூற்று ஒன்றை ஓதிய காணொளி இணையத்தில் பரவியது. அவர் ஓதியது குர்ஆன் வசனம் அன்று. தம் சொந்த ஊரில் வழங்கிய பழைய நூலொன்றிலிருந்து எடுத்த வேண்டுதல். அவர் பிற சமயத் தலைவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். ஆயினும் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, ஏப்ரலில் 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் அவர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். ஓரூரில் எவரும் பொருட்படுத்தாமல் ஓதப்பட்டு வந்திருக்கக்கூடிய வரி, கேட்போரும் களனும் மாறியதும் வேறொரு செயலாக ஆகிவிட்டது.

பொஃப்மா என்று சுருக்கமாக வழங்கும் இணையப் பொய்ச்செய்திக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தபின், இந்தக் கேள்விகள் சாதாரணப் பயனாளரையும் தொடுகின்றன. அச்சட்டத்தைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது மூன்று விவரங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதலாவது, ஒரு கூற்று தகவலைச் சொல்கிறதா என்பதைச் சட்டம் எழுதியவரிடம் கேட்பதில்லை. அதைப் பார்க்கும் அல்லது கேட்கும் நியாயமான ஒருவர் அதைத் தகவலாகக் கொள்வாரா என்று கேட்கிறது. கருத்து, விமர்சனம், நையாண்டி ஆகியவை சட்டத்தின் பிடியில் வரமாட்டா என்று மசோதா விவாதத்தின்போது அரசாங்கம் கூறியது. ஆனால் நையாண்டி நையாண்டியாகத் தெரிய வேண்டும் என்றால் அதன் களன் அதனோடு கூடவே பயணம் செய்தாக வேண்டும்.

இரண்டாவது, ஒரு கூற்று தனித்து நின்றாலும் சரி, அது இடம்பெறும் சூழலோடு சேர்ந்தாலும் சரி, பொய்யாகவோ தவறான எண்ணம் ஏற்படுத்துவதாகவோ இருந்தால் அதைப் பொய் என்றே சட்டம் கொள்கிறது. உண்மையான வாக்கியத்தையும் வெட்டி ஒட்டிப் பொய்யாக்க முடியும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பகிர்ந்தவரின் எண்ணம் எங்கே கணக்கில் வருகிறது என்பது. பொய் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, பொதுநலனுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய ஒன்றைப் பரப்பியதாகக் குற்றம் சாட்டும்போது அந்த எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். திருத்த உத்தரவுக்கு அது தேவையில்லை. பகிர்ந்தது பொய் என்றே தெரியாத ஒருவருக்கும் அந்த உத்தரவு வரலாம், அவர் தமது பதிவோடு திருத்தக் குறிப்பைச் சேர்க்க வேண்டியிருக்கும்.